மீண்டும் மாணவராதல்: தனிநாயகம் அடிகளாரின் திணை ஆய்வு பற்றிய ஒரு நோக்கு

தனிநாயகம் அடிகளாரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவருடைய பயணங்களிலிருந்தே தொடங்குவர். 1964ஆம் ஆண்டு புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானமையும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு நடந்தமையும், 1952 முதல் அவர் நடத்திய ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஏட்டின் சிறப்பும் விதந்து கூறப்படும். ‘தமிழ்த் தூதர்’ என்னும் அடைமொழியோடு கட்டுரை முடிந்துவிடும். இப்புகழுரைகளுள் ஒருவர் மட்டும் காணாமற் போகிறார். அவர், நடுவயதை நெருங்கும் வேளையில் தாம் பெற்ற பட்டங்களை ஒருபுறம் வைத்துவிட்டு மீண்டும் வகுப்பறையிற் சென்றமர்ந்த மாணவர். அடிகளாரின் ஆய்வு நூல்களின் வலிமையும் குறையும் இந்த மாணவரை அறியாமல் விளங்கமாட்டா என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

செய்திகள் பலரும் அறிந்தவையே. 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிற் பிறந்தவர், யாழ்ப்பாணத்திலும் பின்னர் கொழும்புப் புனித பேர்ணாட் குருமடத்திலும் பயின்று உரோமாபுரி சென்றார். அங்கே 1938இல் குருவானார். கார்த்தேசுத் திருச்சபைக் குருமார் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டமும் பெற்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு முதலிய மொழிகள் அவருக்குக் கைவந்திருந்தன. தமிழ் கைவரவில்லை. ஆங்கிலவழிக் கல்வி பெற்ற அக்கால யாழ்ப்பாணத்தவருக்கு இது வியப்பன்று. அவருள் பலர் அதனை ஒரு குறையாகக்கூட எண்ணியதில்லை. தூத்துக்குடி மறைமாவட்டக் குருவாகி, திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துப் பாடசாலையில் 1940 முதல் பணியாற்றியபோதே, தாம் வாழும் மக்களின் மொழியில் தாம் கல்லாதவர் என்பது அவருக்கு உறைத்தது. பண்டிதர் ஒருவரிடம் பாடங் கேட்கத் தொடங்கினார். கடமைக்காகத் தொடங்கிய கல்வி வாழ்க்கையின் தொழிலாயிற்று. 1945இல், 32 வயதளவில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுமாணி வகுப்பு மாணவராகச் சேர்ந்தார். அங்கு கழிந்த நான்கு ஆண்டுகளின் விளைவே பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை பற்றிய ஆய்வேடு. முதலில் நூலாக வெளிவந்து, திருத்தப்பெற்று 1966இல் ‘லான்ட்ஸ்கேப் அன்ட் போயட்ரி’ என்ற பெயரில் மறுபதிப்புப் பெற்றதும் அதுவே.

அந்நூலைப் படிக்கும்போது, மரபுவழிப் புலவர் எவரும் இவ்வாறு எழுதியிரார் என்னும் எண்ணமே முதலில் எழுகிறது. இளமையிலேயே தொல்காப்பிய நூற்பாக்களை மனனஞ் செய்தவருக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் பாகுபாடு மூச்சு விடுவதுபோல் இயல்பானது. அதைப் பார்த்து வியக்க அவருக்குக் காரணமில்லை. தியோக்கிரீத்தசையும் வேர்ஜிலையும் கற்ற பின்னர் குறுந்தொகைக்கு வந்தவருக்கோ அது பெரும் புதுமை. இடையர் வாழ்வு பற்றிய கிரேக்க, இலத்தீன் பாடல்கள் பெரும்பாலும் நகரத்தார் நாட்டுப்புறத்தை நோக்கிக் கண்ட கனவுகள். முல்லைத் திணையில் மாலையும் மழையும் ஆநிரையும், வினைமுடித்து மீள்வோனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியின் மனநிலையை விட்டு விலகி நிற்பதில்லை. இயற்கையைத் தனித்தெடுத்துப் பாடாமல் மாந்தர் உணர்ச்சியின் நிலைக்களனாகப் பாடுவது சங்கச் செய்யுளின் அடிப்படை என்பதை அடிகளார் ஒப்பியல் முறையில் நிறுவினார். பண்டிதரும் இதனை அறிவர். ஆயினும் தமிழறியாத ஒருவருக்கு அதனை விளக்கவேண்டிய தேவை அவர்களுக்கு இருந்ததில்லை. அடிகளார் விளக்கவேண்டியிருந்த முதலாவது தமிழறியாதவர், சில ஆண்டுகளுக்கு முந்திய அடிகளாரே.

நூலின் குறையும் இதே ஊற்றிலிருந்து வருகிறது. தாமதமாகக் கண்டடைந்த ஒன்றின்மீது எழும் பற்று, அதைக் கேள்விக்குட்படுத்தத் தயங்கும். திணைகள் அவருடைய பக்கங்களில் அழகிய இணக்கத்தோடு அருகருகே அமைந்து கிடக்கின்றன. மருதத்தை எடுத்துக்கொள்வோம். ஊடலும் பரத்தையிற் பிரிவும் ஏன் நெல்விளையும் நிலத்துக்கு உரியவாயின? வளமும் ஓய்வும் காரணம் எனின், அவ்வளம் யாருடையது, ஓய்வு யாருக்கு வாய்த்தது என்னும் வினாக்கள் உடன் எழுகின்றன. உபரி விளைவும் உடைமையும் நிலைபெற்ற இடத்திலேயே மனைவியும் பரத்தையும் எதிரெதிர் நிறுத்தப்படுகின்றனர். வயலில் இறங்கிய களமரும் ஆடையொலித்த புலைத்தியும் அதே பாடல்களில் வந்துபோகின்றனர். ஆய்வின் கண் அவர்கள்மீது போதிய அளவு தங்கவில்லை. வடக்கன்குளம், கோயிலுக்குள்ளேயே சாதிச்சுவர் எழுப்பப்பட்டிருந்து 1910இல் அது இடிக்கப்பட்ட ஊர் என்பதை நினைக்கும்போது இக்குறை இன்னும் உறுத்துகிறது.

இவ்வினாக்களைப் பின்னர் எழுப்பியவர்களும் மீண்டும் மாணவரானவர்களே என்பது கவனித்தற்குரியது. க. கைலாசபதி கொழும்பில் ‘தினகரன்’ ஆசிரியராக இருந்தவர். கா. சிவத்தம்பி ஸாஹிறாக் கல்லூரியிற் கற்பித்தவர்; பாராளுமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயும் பணியாற்றியவர். இருவரும் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, கிரேக்கப் பேராசிரியரும் மார்க்சியருமான ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு மாணவராயினர். கைலாசபதியின் வீரநிலைக் கவிதை ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாயிற்று. 1974இல் சிவத்தம்பி எழுதிய திணைக் கோட்பாட்டுக் கட்டுரை, ஐந்திணையைச் சமச்சீரற்ற சமூக வளர்ச்சியின் பதிவாகக் கண்டது. ஒருவர் திருச்சபையின் இலத்தீனோடு வந்தார். மற்ற இருவர் தொம்சனின் கிரேக்கத்தோடு வந்தனர். கண்ணாடி ஏறத்தாழ ஒன்றுதான். அதிற் கண்டவை வேறு. அடிகளாரை ‘இலட்சியவாதி’ என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடும் நம் முற்போக்கு நண்பர் சிலர் அவருடைய நூலைப் புரட்டியும் பார்த்ததில்லை என்பதையும் இவ்விடத்துச் சொல்லத்தான் வேண்டும். நிலத்துக்கும் பாடலுக்குமுள்ள உறவை உலக இலக்கியப் பரப்பில் வைத்துக் காட்டும் வேலையை அவர் முன்னரே செய்திருந்தார். அதற்குப் பின்னரே அவ்வுறவின் சமூக அடித்தளத்தை வினவுவது எளிதாயிற்று.

இனி, இப்புகழுரைகள் தொடாத மற்றொரு பக்கம். அடிகளாருக்குத் திருச்சபை உணவும் உறைவிடமும் உறுதிசெய்திருந்தது. சீதனம் தேடவேண்டிய தங்கையரோ மாதச் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பமோ அவர் தோளில் இல்லை. 1950களின் நடுப்பகுதியில், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளராக இருந்துகொண்டே, 40 வயதைக் கடந்த பின்னும் இலண்டன் சென்று இன்னொரு கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய அவரால் முடிந்தது. இது அவர் உழைப்பைக் குறைத்துக் கூறுவதன்று. அவருடைய கதையை ‘ஆர்வமிருந்தால் எவருக்கும் எவ்வயதிலும் கல்வி கைகூடும்’ என்பதற்குச் சான்றாகக் காட்டும் மேடைப் பேச்சுகளையே மறுக்க வேண்டியுள்ளது.

புறக்கோட்டையில் மாலைவேளையொன்றில் நின்று பார்த்தால் இம்மறுப்பின் நியாயம் தெரியும். செட்டியார்தெருப் பொற்கடைகளிலும் குறுக்குத்தெருக்களின் மொத்த வியாபாரக் கடைகளிலும் வேலைசெய்வோருட் பலர், வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் படிப்பை இடையில் விட்டு வந்தவர்கள். கடை மூடியபின் புத்தகசாலைக்குள் நுழைந்து க.பொ.த. வினாத்தாள் தொகுப்பைப் புரட்டிப் பார்த்து, விலையைக் கேட்டு, திருப்பி வைத்துவிட்டுப் போகும் முப்பது வயதினரை இக்கட்டுரையாளர் பலமுறை கண்டதுண்டு. மூட்டை சுமக்கும் நாட்டாமை ஒருவர் நாவலொன்றை வாங்கிச் செல்வதும் அரிய காட்சியன்று. அடிகளார் அண்ணாமலையிற் சேர்ந்த அதே 1945ஆம் ஆண்டிலேதான் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அது குறித்த வயதில், குறித்த வாயிலால் நுழைவோருக்கே முழுமையாய் இலவசம். வேலை பார்த்துக்கொண்டே கற்போருக்கென 1980இல் அமைந்த திறந்த பல்கலைக்கழகம் அரசுக்குரியதே எனினும் அங்கு கட்டணம் உண்டு. வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்போரும் தம் பணத்தையே நம்பவேண்டும். பெண்களைப் பொறுத்தவரை கட்டணத்துக்கு முன் வீட்டின் இசைவு என்னும் தடையும் நிற்கிறது.

இலண்டனில் அடிகளார் ஆராய்ந்த பொருள் பண்டைத் தமிழ் இலக்கியத்திற் கல்விச் சிந்தனை. இத்துறையில் எழுதுவோர் அனைவரும் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியனின் புறநானூற்று 183ஆம் பாடலை நாடுவர். கீழ்ப்பாலில் பிறந்தவன் கற்றால் மேற்பாலில் பிறந்தவனும் அவனிடம் செல்வான் என்னும் அதன் பிற்பகுதியே சமத்துவக் குரலாகத் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. அப்பாடலின் தொடக்கம் அத்துணை பேசப்படுவதில்லை. ஆசிரியனுக்கு உற்றவிடத்து உதவியும், மிக்க பொருளைக் கொடுத்தும் கற்கவேண்டும் என்பதே அங்கு சொல்லப்படுவது. பாடியவன் பாண்டிய வேந்தன். பொருள் எங்கிருந்து வரும் என்று அவன் கூறவேண்டியிருக்கவில்லை. பண்டைத் தமிழர் கல்வி பற்றி இனி எழுதப்படும் ஆய்வுகள் அத்தொடக்க அடியையும் கணக்கிலெடுத்தே பாடலைப் படிக்க வேண்டியிருக்கும்.