பூட்டும் திறவுகோலும்: இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் பற்றி

ஒரே பாலினத்தவரின் திருமணம் குறித்து வகுப்பறையில் பேச்செழுந்தால், மாணவர் உடனே ரோமருக்கு எழுதின நிருபத்தின் முதலாம் அதிகாரத்தைத் திறந்துவிடுகின்றனர். திறக்க வேண்டியதுதான். ஆயினும் அதற்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. திருச்சபை 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லும்போது, அச்சொல் மெய்யாகவே திருச்சபையின் சொல்தானா? இங்கிலாந்தில் 2013 ஜூலை 17ஆம் நாள் அரச ஒப்புதல் பெற்ற திருமணச் சட்டம் இக்கேள்வியைத் தவிர்க்கவொண்ணாததாக்குகிறது.

ஒரே பாலினத்தவர் மணம் முடிக்க வழிவகுத்த இச்சட்டம், சமய அமைப்புகளுக்கு நான்கு பாதுகாப்புகளை வைத்தது. 'நாற்பூட்டு' என்பது அவற்றிற்கு வழங்கிய பெயர். எச்சபையும் எக்குருவும் இத்திருமணங்களை நடத்தக் கட்டாயப்படுத்தப்படலாகாது. தானே இசைவு தெரிவிக்கும் சபை மட்டுமே நடத்தலாம். மறுப்பவர்மீது 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரலாகாது. இம்மூன்றும் எல்லாருக்கும் பொது. குவேக்கர் இசைந்தனர்; மெதடிஸ்ட் சபை தன் மாநாட்டில் விவாதித்து 2021இல் இசைந்தது. நான்காம் பூட்டோ இங்கிலாந்துத் திருச்சபைக்கும் வேல்ஸ் திருச்சபைக்கும் மட்டும் உரியது. பிறரைப்போல் இசைவு தெரிவிக்கும் வழி இவ்விரண்டிற்கும் இல்லை.

இதற்குக் காரணமுண்டு. இங்கிலாந்தில் ஒரு பங்கில் வாழ்வோர் தம் பங்கு ஆலயத்தில் மணம் முடிக்கப் பொதுவாகச் சட்ட உரிமையுடையோர். நடத்திவைப்பது குருவின் கடமை. மேலும் அச்சபையின் நியதிகள் நாட்டுச் சட்டத்தின் பகுதியாகும். எட்டாம் ஹென்றி காலத்து 1533ஆம் ஆண்டுக் குருமார் பணிவுச் சட்டத்தின்படி, அவை நாட்டுச் சட்டத்துக்கு முரண்படலாகாது. சபையின் நியதியோ திருமணத்தை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவது என்கிறது. ஆகவே, இந்த ஒன்றில் முரண்படலாம் என்று பாராளுமன்றமே எழுதிக்கொடுக்க நேர்ந்தது. ஓர் அரசனின் திருமண வழக்கிலே பிறந்த ஏற்பாடு, ஏறக்குறைய 480 ஆண்டுகளுக்குப் பின் திருமணத்திலேயே இடறியது!

இதனைச் சபையின் வெற்றி என்பாரும், சபையின் கோழைத்தனம் என்பாரும் உளர். இருசாராரும் திறவுகோலைக் கவனிக்கவில்லை. சபை மனம்மாறினாலும், தன் சட்டவரைவுக்குப் பாராளுமன்றத்தின் ஈரவைகளின் இசைவும் அரச ஒப்புதலும் பெற்றாகவேண்டும். சபை மாறாதிருந்தாலும் பாராளுமன்றம் பூட்டை உடைக்கலாம். 2023இல் சபை, ஆசீர்வாத ஜெபங்களுக்கு இடந்தந்து திருமணத்தை மறுத்தபோது, பாராளுமன்ற உறுப்பினர் சிலர் தலையிட வேண்டுமென்றே வாதிட்டனர். தன் பேராயர் 26 பேரைப் பிரபுக்கள் அவையில் அமர்த்தியுள்ள சபை, வெளியார் தலையிடுகின்றனர் என்று எப்படி முறையிடும்? வேல்ஸ் திருச்சபையின் நிலை இன்னும் விந்தையானது. அது 1920இலேயே அரசினின்று பிரிக்கப்பட்டது; திருமணம் நடத்தும் கடமை மட்டும் ஒட்டிக்கொண்டது; கடமையோடு பூட்டும் வந்தது. அன்றைய பேராயர் பாரி மோர்கன் ஆட்சேபித்ததில் வியப்பில்லை.

பிரான்சில் 1792 முதல் நகராட்சி அதிகாரி முன் நடப்பதே சட்டத் திருமணம். ஆயர் பின்னர் ஆசீர்வதிக்கிறார். 2013இல் அங்கும் சட்டம் மாறியது. பூட்டு எதுவும் தேவைப்படவில்லை. 2015இல் செத் நகரில் கூடிய ஐக்கிய புரொட்டஸ்டன்ட் சபையின் பேரவை, ஆசீர்வதிக்கலாம், எவரும் கட்டாயப்படுத்தப்படார் என்று தானே முடிவுசெய்தது. அம்முடிவு சரியா என வாதிடலாம். அது யாருடைய முடிவு என்பதில் வாதமில்லை.

இங்கிலாந்தில், தம் பங்கிலேயே திருமுழுக்குப் பெற்று வளர்ந்த இருவர் வந்து கேட்டால், "சட்டம் இடந்தரவில்லை" என்று குரு சொல்லிவிடலாம். வேதத்தையோ மனச்சாட்சியையோ காட்டி மறுப்பவரோ, மறுக்கப்பட்டவரின் முகத்தைப் பார்த்தாகவேண்டும். அந்த நோவிலிருந்து குருவைக் காப்பதையே இச்சட்டத்தின் பெருங்குறையாகக் கருதுகிறேன்.

இந்திய ஆங்கிலிக்கன் சபை, 1927ஆம் ஆண்டுச் சட்டத்தினால் 1930இல் இங்கிலாந்தின் அரசுப் பிணைப்பினின்று விடுபட்டது. எனினும் 1872ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்கீழ் நாம் இன்னும் பதிவேடு வைத்திருக்கிறோம். ஆசீர்வாதம் கூறிய கை, சில நிமிடங்களில் அரசின் எழுத்தர் கையாகிறது. இப்பதிவேட்டை அரசிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று அண்மையில் வகுப்பில் சொன்னேன். "அப்படியானால், ஐயா, எவருக்கு மறுக்கிறோம், ஏன் மறுக்கிறோம் என்பதற்கு நாமே பதில் சொல்ல வேண்டிவருமே" என்றார் இறுதியாண்டு மாணவர் ஒருவர்.