நடுவில் ஒரே வாக்கியம்

கோலசிலாங்கூர் மாவட்டத்துப் பெஸ்தாரி ஜெயாவைப் பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்வார்கள். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்த தென்னமரம் எஸ்டேட் இங்கேதான் இருக்கிறது. சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகமும் இங்கேதான்.

அப்படிப்பட்ட ஊரின் தோட்டத்துப் பிள்ளை ஒன்று உளவியல் படித்து, ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்டு ஆய்வுக் கண்காட்சியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஓராண்டு உழைப்புக்குச் சாட்சி ஒரு சுவரொட்டி.

எளிய பொருள்தான். ஆனால் பெரும்பாலான ஆய்வுச் சுவரொட்டிகள் படிக்க முடியாதவை. முன்னுரை, முறை, அட்டவணை, மேற்கோள் பட்டியல் என எறும்புச் சாரையாக எழுத்து. பார்க்க வந்தவர் தலையாட்டிவிட்டு வடைத்தட்டுப் பக்கம் நகர்கிறார்.

இதை மாற்றப் புறப்பட்டவரும் ஓர் உளவியல் மாணவர்தான். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்த மைக் மாரிசன், 2019இல் யூடியூப்பில் ஓர் அசைவூட்டக் காணொளி வெளியிட்டார். நடுவில் கண்டுபிடிப்பைப் பேச்சுமொழியில், பெரிய எழுத்தில் போடுங்கள். விவரங்கள் ஓரத்துப் பட்டைகளுக்குப் போகட்டும். முழுக் கட்டுரைக்கு கியூஆர் குறியீடு போதும் என்றார். உலகெங்கும் மாநாடுகளில் அந்த வடிவம் பரவியது. ஆதாரத்தை மூலைக்குத் தள்ளுகிறது என்று குறை சொன்னவர்களும் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனாலும் அந்த ஒற்றை வாக்கியத்தை எழுதுவதுதான் தேர்வு. விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் தாய்மாரின் தூக்கத்தை ஆராய்ந்த மாணவி, ‘மாறிகளுக்கிடையே குறிப்பிடத்தக்க தொடர்பு’ என்று எழுதித் தப்பித்துவிடலாம். அந்தத் தாய்மாரில் ஒருவரே எதிரே வந்து நின்று, “என்னம்மா கண்டுபிடிச்ச?” என்று கேட்டால் அது செல்லாது.