பழைய ஆவணங்களுக்கே முதல் முத்திரை

குவாண்டம் கணினிக்கு எதிரான ஆயத்தங்களில் டிஜிட்டல் கையொப்பத்தைக் கடைசி வரிசைக்குத் தள்ளுவது வழக்கமாகிவிட்டது. மறையாக்கிய தரவை இன்றே திருடிவைத்துப் பிறகு திறந்து படிக்கலாம். கையொப்பத்தை அப்படிச் சேர்த்துவைத்து என்ன பயன் என்று கேட்கிறார்கள். இணையதள இணைப்புக்கு இந்த வாதம் சரி. அங்கே கையொப்பத்தின் வேலை நொடியில் முடிந்துவிடும். ஆவணத்துக்கு இது பொருந்தவே பொருந்தாது.

இன்று ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையின் 2048 பிட் சாவியால் கையொப்பமிட்ட ஒப்பந்தம் இருபது ஆண்டு கழித்தும் நீதிமன்றத்துக்கு வரலாம். பீட்டர் ஷோர் 1994இல் கண்ட வழிமுறையை முழு அளவில் ஓட்டும் குவாண்டம் கணினி அதற்குள் வந்துவிட்டால், பொதுச்சாவியிலிருந்தே தனிச்சாவியைக் கணக்கிட்டு, பழைய தேதியிட்ட போலி ஆவணம் செய்யலாம். அதைவிடக் கொடியது, உண்மையாகவே கையொப்பமிட்டவர் ‘இது நான் போட்டதல்ல’ என்று மறுக்க வழி பிறப்பது.

மாற்று கைவசம் இருக்கிறது. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2024 ஆகஸ்டில் எம்எல்-டிஎஸ்ஏ, எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏ என்ற இரு கையொப்பத் தரங்களை வெளியிட்டது. ஆர்எஸ்ஏ 2048 கையொப்பம் 256 பைட். எம்எல்-டிஎஸ்ஏவின் நடுத்தர வகை 3,309 பைட். எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏவின் மிகச் சிறிய வகையே 7,856 பைட். இந்தப் பருமனைக் காட்டித் தயங்குவது ஆவணத்துக்கு நியாயமல்ல. ஸ்கேன் செய்த ஒரு பக்கமே பல லட்சம் பைட் இருக்கும். மெய்யான தடைகள் வேறு. பிடிஎஃப் கோப்பில் கையொப்பத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கும் இடத்தைப் பழைய கணக்கிலேயே வைத்திருக்கும் மென்பொருள் ஒன்று. ஆடிட்டர் அலுவலகங்களில் புழங்கும், கையொப்பச் சாவியைத் தாங்கும் டிஎஸ்சி டோக்கன் இன்னொன்று: அதன் சில்லு பழைய முறைகளுக்கென்றே செய்தது, ஆகவே டோக்கனையே மாற்ற நேரும்.

எதை எங்கே வைப்பது? எம்எல்-டிஎஸ்ஏ வேகமானது, ஆனால் அதன் பலம் ‘லேட்டிஸ்’ எனப்படும் கட்டக் கணிதத்தை நம்பியே இருக்கிறது. நிஸ்ட் போட்டியின் இறுதிச் சுற்றுவரை வந்த ரெயின்போ என்ற வேறொரு முறையின் கீழ்நிலை வகை, 2022இல் ஒரு மடிக்கணினியில் சராசரி 53 மணி நேரத்தில் உடைந்தது. அது வேறு கணிதம்தான். ஆனாலும் அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் சோதித்த புதிய முறையும் விழக்கூடும் என்று காட்டிவிட்டது. எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏ, கோப்பின் சுருக்க அடையாளமான ஹேஷைக் கணக்கிடும் முறையை மட்டுமே நம்புகிறது, கையொப்பமிடுவதில்தான் மெதுவானது. அன்றாடக் கையொப்பத்துக்கு முன்னதும், மூலச் சான்றிதழுக்கும், ஆவணம் இன்ன நேரத்தில் இருந்தது என்று சான்று சொல்லும் காப்பக நேரமுத்திரைக்கும் பின்னதும் என்பதே என் தீர்ப்பு. ஆயிரக்கணக்கான ஆவணங்களின் ஹேஷ்களை மரமாகக் கட்டி உச்சியில் ஒரே முத்திரை இடும் முறைக்கு 2007 முதலே தரம் உண்டு. எனவே மெதுவான முறையும் அங்கே சுமையாகாது.

ஆர்எஸ்ஏ 2048ஐ 2030க்குப் பின் படிப்படியாகக் கைவிட்டு 2035க்குப் பின் தடைசெய்ய நிஸ்ட்டின் வரைவு சொல்கிறது. பல திட்டங்கள் இந்தத் தேதிகளைப் புதுக் கையொப்பங்களுக்கு மட்டுமே பொருத்துகின்றன. அது பிழை. புதியவற்றைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஆர்எஸ்ஏ உடைந்த மறுநாள் பழைய கோப்புக்கு இடும் முத்திரை எதையும் நிரூபிக்காது. நேரமுத்திரைச் சேவையைப் புதிய முறைக்கு மாற்றிக் காப்பகங்களை மறுமுத்திரையிடும் வேலையே முதலில் நடக்க வேண்டும்.