கயைச் செப்பேடு: வேற்றுமை வழுவும் நிலவுரிமையும்

சமுத்திரகுப்தன் ஊர்க்கொடை அளித்ததாகக் கூறும் கயைச் செப்பேட்டைப் போலி என 1888இல் துணிந்தார் ஜே.எஃப். பிளீட். அதன் வடமொழித் தொடரில் வேந்தனின் அடைமொழிகள் ஆறாம் வேற்றுமையிலும், பெயர் முதல் வேற்றுமையிலும் நிற்கின்றன. பின்வந்த மன்னனின் சாசனத்தில் 'இன்னானுடைய மகன்' என அமைந்த பகுதியைப் படியெடுத்தவன் பெயரை மட்டும் திருத்தினான் என்பது அவர் முடிபு. நாளந்தாச் செப்பேட்டிலும் இவ்வழு உண்டு. இவற்றை மெய்யெனக் கொள்வாரும் உளர்.

எனினும், ஏடு போலியாயின் உரிமையும் போலி எனல் பொருந்தாது. பாஸ்கரவர்மனின் நிதான்பூர்ச் செப்பேடு, பூதிவர்மன் அளித்த பழைய ஏடு எரிந்தமையால் புதிதாக எழுதப்பட்டதெனத் தானே உரைக்கிறது. அவ்வாறு வெளிப்படக் கூறுவது புதுப்பிப்பு. மறைத்துப் பழைய வேந்தன்மேல் ஏற்றுவது புனைவு. இலக்கண வழு ஏட்டின் காலத்தை ஐயுறச் செய்யும். அதன் பின்நின்ற உடைமையை மறுக்க வேறு சான்று வேண்டும்.