தற்காலிகக் கட்டளைப் பட்டி: பயனும் பழுதும்

நிரல், கட்டுரை, கடிதம் என எவ்வகை எழுத்தையும் எழுதித் திருத்த உதவும் மென்பொருளே உரைத்தொகுப்பி. அவற்றுள் 1985இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட குனு ஈமாக்ஸ், சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையாலேயே வேலையை முடிக்க விரும்புவோரின் கருவியாக இன்றளவும் நீடிக்கிறது. ஆயிரக்கணக்கான கட்டளைகளைக் கொண்ட அதன் விசைச் சேர்க்கைகள் நினைவில் நிற்பதில்லை என்பது பழைய குறை. ஒரு விசையை அழுத்தியதும் திரையின் அடியில் விரிந்து, அடுத்து எந்த எழுத்து என்ன செய்யும் என்று காட்டி, வேலை முடிந்ததும் மறைந்துவிடும் தற்காலிகப் பட்டி அக்குறைக்கு மருந்தாக வந்தது. 2015இல் ஒலே கிரேகலின் ஹைட்ராவும், 2019இல் யோனாஸ் பெர்னூலியின் டிரான்சியன்ட்டும் என்னும் துணைநிரல்கள் இவ்வழக்கத்தைப் பரப்பின; 2022இல் வெளிவந்த ஈமாக்ஸ் 28, டிரான்சியன்ட்டைத் தன்னுள்ளேயே சேர்த்துக்கொண்டது.

கருத்து புதிதன்று. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் கணினிப் பயிற்சி நிலையங்களில் கற்பிக்கப்பட்ட வேர்ட்ஸ்டார் என்னும் சொற்செயலியில், கன்ட்ரோலுடன் 'கே'யை அழுத்திவிட்டுச் சற்றுத் தயங்கினால் பட்டி விரியும். தயங்காமல் அடுத்த எழுத்தை அழுத்தினால் பட்டி தோன்றாமலே கட்டளை நிறைவேறும். கற்பவருக்கு ஆசானாகவும் கற்றவருக்கு இடையூறின்றியும் இருந்த அந்த ஏற்பாட்டின் நயத்தை, எப்போதும் உடனே விரியும் இன்றைய பட்டிகள் பெரும்பாலும் இழந்துவிட்டன. டிரான்சியன்ட்டில் தாமதத்தை அமைத்துக்கொள்ள வழியுண்டு என்றாலும், அதைத் தேடிச் சென்று மாற்றுவோர் ஏற்கெனவே தேர்ந்தவர்களே.

இவ்வழக்கத்தின் மெய்யான வலிமை மேஜிட்டில் தெரிகிறது. நிரலில் செய்த மாற்றங்களை வரலாறாகக் காக்கும் கிட் என்னும் கருவியை ஈமாக்ஸுக்குள்ளிருந்தே இயக்க உதவுவது மேஜிட். அதில் பெரிய 'பி'யை அழுத்தினால், மாற்றங்களைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பும் பட்டி விரிகிறது: மேலே விருப்பத் தேர்வுகள், கீழே அனுப்பவேண்டிய இடங்கள். ஒரு தேர்வை அழுத்தியதும் அதன் வரி ஒளிபெறுகிறது. இடத்தைக் குறிக்கும் எழுத்தை அழுத்தும்வரை எதுவும் நிகழ்வதில்லை. தேர்ந்தவையோடு தேராத வாய்ப்புகளும் கட்டளை நிறைவேறும் முன்பே கண்ணெதிரே நிற்பது, பழைய கட்டளை வரி தராத பெரும்பேறு.

ஆயினும், ஒரே விசை சூழலுக்கேற்பப் பொருள் மாறினால் பிழை பெருகும் என்று கணினியியலாளர் லாரி டெஸ்லர் 1970களிலேயே வாதிட்டது இங்கும் பொருந்துகிறது. ஆனால் தற்காலிகமான கட்டளை எல்லாம் பிழைக்கு இடந்தருவதில்லை. தூத்துக்குடி முத்துப்பார்களில் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பில், கல் கட்டிய கயிற்றின் துணையோடு அடியில் இறங்கியவர் மூச்சு முட்டும் தறுவாயில் கயிற்றைச் சுண்டியதும் தோணியில் இருப்பவர் அவரை மேலே இழுத்துவிடுவார். அந்தச் சுண்டலும் அவர் நீருக்கடியில் இருக்கும்வரை மட்டுமே செல்லும் கட்டளைதான். அது பிழையின்றி நடந்ததற்குக் காரணம், அதற்கு ஒரே பொருள் இருந்ததும் இருவர்க்கும் அது தெரிந்திருந்ததுமே. எனவே பழுது தற்காலிகத்தன்மையில் இல்லை, நெரிசலில் இருக்கிறது. மேற்சொன்ன அனுப்பும் பட்டியில் சிறிய 'எஃப்', பிறர் இடையில் சேர்த்த வேலை இருந்தால் மறுத்துவிடும் காப்புடைய வலிந்தனுப்பல். பெரிய 'எஃப்', அக்காப்பில்லாமல் பிறர் வேலையை அழித்தெழுதக்கூடியது. இரண்டையும் ஷிஃப்ட் விசை ஒன்றுதான் பிரிக்கிறது. இவ்வளவு அருகில் இவற்றை வைத்திருக்கவே கூடாது.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு தடையும் உண்டு. பட்டியின் எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். இயங்குதளத்தில் தமிழ்99 விசைப்பலகை இயங்கும்போது, மேஜிட்டில் வரலாற்றைக் காட்டவேண்டிய 'எல்' விசை 'த'வைத் தருகிறது, பட்டிக்கு அது புரிவதில்லை. எழுத்தாளர் விசைப்பலகையை மாற்றி, கட்டளையிட்டு, மீண்டும் தமிழுக்குத் திரும்புவதற்குள் சிந்தனை அறுந்துவிடுகிறது. ஈமாக்ஸுக்குள்ளேயே அமைந்த தமிழ் உள்ளீட்டு முறைகளில் இத்தொல்லை இல்லை: பட்டி திறந்திருக்கும் வரை அவை தாமாக விலகி நின்று, அது மூடியதும் மறுபடி தமிழைத் தருகின்றன. கன்ட்ரோலுடன் பின்சாய்கோட்டை அழுத்தினால் அவற்றை இயக்கலாம்.