பத்து நிமிடத் தீ

2000 மார்ச் 17 இரவு, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி நகரிலிருந்த பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னலால் தீப்பிடித்தது. பத்தே நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் தூசு படவே கூடாத அறைகளுக்குள் புகையும் தண்ணீரும் புகுந்துவிட்டன. அங்கே சிப் வாங்கியவர்களில் பெரியவர்கள் இருவர்: பின்லாந்தின் நோக்கியா, சுவீடனின் எரிக்சன்.

தரவுகளைத் திரட்டி, வெளியிலிருந்து வரும் ஆபத்தை மேலிடத்துக்கு முன்கூட்டியே காட்டும் ‘பிசினஸ் இன்டெலிஜென்ஸ்’ முறையை மெச்சுகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. சொல்ல வேண்டிய கதைதான். நோக்கியாவின் திரையில் சரக்கு வரத்துக் கணக்கு உதைத்தது. ஒரு வாரம் தாமதமாகும் என்றது பிலிப்ஸ். நோக்கியா அதோடு விடவில்லை. அந்தச் சிப்களைத் தனிக் கண்காணிப்பில் வைத்து நாள்தோறும் விசாரித்தது. சேதம் பெரிது என்று தெரிந்ததும் மற்ற ஆலைகளிலிருந்து சிப்களைப் பெற முந்திக்கொண்டது. எரிக்சனுக்கும் அதே செய்தி போயிற்று. அது கீழ்மட்டத்திலேயே தங்கி, கைபேசிப் பிரிவின் தலைமைக்கு ஏப்ரலில்தான் எட்டியது. விற்பனை இழப்பு சுமார் 40 கோடி டாலர்.

எரிக்சனிடம் நல்ல மென்பொருள் இல்லாததுதான் குறையா? நான் அப்படி நினைக்கவில்லை. செலவைக் குறைக்க 1990களிலேயே மாற்று சப்ளையர்களைக் கைவிட்டிருந்தது அது. முன்னதாகவே மணி அடித்திருந்தாலும் ஓடுவதற்கு இன்னொரு வாசல் இல்லை. டாஷ்போர்டுக்குப் பணம் ஒதுக்கும் நிறுவனங்கள் அந்த வாசலுக்கும் ஒதுக்கியாக வேண்டும்.

இந்த முறையின் ஆழமான பலவீனத்தைக் காட்டியது ஜெயித்த நோக்கியாதான். திரை, எண்ணச் சொன்னதை மட்டுமே எண்ணும். ஐபோன் வந்த 2007-இல் நோக்கியா விற்றவை 43 கோடிக்கும் மேற்பட்ட கைபேசிகள். எண்களைப் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. தங்கள் மென்பொருள் பின்தங்குவது உள்ளே பலருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால், கெட்ட செய்தியை மேலே கொண்டுபோக இடைநிலை மேலாளர்கள் பயந்தார்கள் என்று, அங்கு வேலை பார்த்தவர்களைப் பேட்டி கண்ட ஆய்வாளர்கள் கூய் ஹூய், டிமோ வூரி பின்னாளில் எழுதினார்கள். 2000-இல் செய்தி ஏறிப்போன அதே படிக்கட்டு அடைபட்டுப்போயிருந்தது.

2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. நோக்கியாவின் சரிவோடு வரி வழக்கும் அதற்கு ஒரு காரணம். இந்த முன்னெச்சரிக்கை முறையில் என்னை அதிகம் உறுத்துவது அங்கேதான் இருக்கிறது: அது நிர்வாகிகளின் மேசைக்காக மட்டும் கட்டப்படுகிறது. அந்த ஆலைக்கு ஷிப்ட் பேருந்தில் வேலைக்கு வந்துபோன இளம்பெண்களுக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று அதை அமைப்பவர்கள் யோசிப்பதே இல்லை.