ரோஸ் ரிப்பனும் 60 மைலும்

லியா பூல் இயக்கிய 'பிங்க் ரிப்பன்ஸ், இங்க்.' (2011) ஆவணப்படத்தை மறுபடி பார்த்தேன். சமந்தா கிங் 2006-ல் எழுதிய புத்தகத்தை ஒட்டி எடுத்தது. மார்பகப் புற்றுநோய்க்காக நடக்கும் நிதி நடைகள், ரோஸ் ரிப்பனை ஒட்டி நடக்கும் வியாபாரம், ரெண்டையும் விளாசுகிறது.

கம்பெனிகள் மேல் உள்ள கோபம் சரிதான். ஆனா நடக்கிறவங்களைப் பெரும்பாலும் கூட்டமாவே காட்டுறதுதான் உறுத்துது. அமெரிக்காவின் சூசன் ஜி. கோமென் அமைப்பு நடத்தும் 3 நாள் நடையையே எடுத்துக்கங்க. 60 மைல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர். ராத்திரி கூடாரத்தில் தூக்கம். பல வருஷமா தலைக்கு 2,300 டாலராவது திரட்டினால்தான் நடக்கவே விடுவாங்க. செத்துப்போன அக்காவுக்காக ஊரெல்லாம் கேட்டு அதைச் சேர்த்தவங்களை ஏமாளின்னு தள்ளிட முடியுமா?

படத்தின் உயிர் வேற இடத்தில் இருக்கு. ஆஸ்டின் நகரத்தில் நான்காம் நிலை நோயுள்ள பெண்கள் வட்டமா உட்கார்ந்து பேசுறாங்க. போராடி ஜெயிச்சோம்னு மேடையில் கொண்டாடினா, சாகப்போற நாங்க சரியாப் போராடலைன்னு ஆகுதேங்கிறது அவங்க ஆதங்கம். அதுக்கப்புறம் ரோஸ் சட்டை ஊர்வலத்தைப் பழைய மாதிரி பார்க்க முடியலை. கேமரா அவங்ககூட இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்கலாம்.